17 செக்கன் இசையிலிருந்து உடனடி ஒலிவடிவம் வரை

கணினித் திரையில் ஒரு பாடல் முழுமையாக அமைந்திருக்கிறது. மேளம் ஒரு வரியில், வயலின் ஒரு வரியில், குரல் இன்னொரு வரியில் எனப் பல வண்ணக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. பொத்தானை அழுத்தினால் பாட்டும் கேட்கிறது. ஆயினும் அந்தப் பாட்டு இன்னும் ஒலியாகப் பதிவாகவில்லை என்று சொன்னால் இசைத்துறைக்குப் புறம்பானவர்கள் வியப்படைவார்கள். அந்தக் கோடுகளுள் பல, 'இந்தக் கணத்தில் இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்தமாக எழுப்பு' என்று கணினிக்கு இடப்பட்ட கட்டளைகள் மாத்திரமே. கட்டளை நிறைவேற்றப்படும்போது ஒலி பிறக்கிறது, நிறுத்தினால் மறைந்துவிடுகிறது. அக்கட்டளைகளை நிறைவேற்றி, விளைந்த ஒலியை நிலையான கோப்பாக எழுதிக்கொள்ளும் செயலையே இசைத்தொழிலில் 'ரெண்டர்' செய்தல் என்றும் 'பவுன்ஸ்' செய்தல் என்றும் கூறுகிறார்கள்.

இன்று ஐந்து நிமிடப் பாடலொன்றை இவ்வாறு எழுதி முடிக்கப் பெரும்பாலும் சில செக்கன்களே போதும். இந்த வேகம் வந்து சேர்ந்த கதை அரை நூற்றாண்டுக்கும் மேலானது. அதைச் சொல்வதற்கு ஒரு பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஈய எழுத்துக் காலத்தில் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இந்தச் செயல் புதியதன்று என்பதே எனது பதில். அச்சுக்கோப்பாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கத்தை அமைப்பார். இரும்புச் சட்டத்துக்குள் பக்கம் பூட்டப்பட்டதும் அதன்மீது தடித்த ஈர அட்டையை அழுத்தி அச்செடுத்து, அந்த அட்டையில் உருக்கிய ஈயத்தை வார்த்து வளைந்த தகடாக்குவார்கள். சுழல் இயந்திரத்தில் ஏறுவது அந்தத் தகடுதான். கோத்த எழுத்துகளோ கழற்றப்பட்டு, மறுநாள் பக்கத்துக்காகத் தத்தம் அறைகளுக்குத் திரும்பிவிடும். ஆயிரம் துண்டுகள் ஒரே தகடாக இறுகுகின்றன. துண்டுகளுக்கு விடுதலை கிடைக்கிறது. ஆனால் தகடு வார்த்த பின்னர் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமெனில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒலிப்பதிவுத் துறையின் 'பவுன்ஸ்' என்பதும் ஏறக்குறைய இதுவே.

அத்துறையில் இதன் தொடக்கம் கணினிக்கு முந்தியது. 1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிட்னி பெஷே என்ற ஜாஸ் கலைஞர், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக 'த ஷேக் ஒஃப் அராபி' என்ற பாடலின் ஆறு வாத்தியங்களையும் தாம் ஒருவரே வாசித்துப் பதிவு செய்தார். முதல் வாத்தியத்தை ஓர் இசைத்தட்டில் பதிந்து, அதனை ஒலிக்கவிட்டு, அத்துடன் இரண்டாவதைச் சேர்த்து வாசித்து வேறொரு தட்டில் பதிந்து, இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். லெஸ் போல் என்ற கிட்டார் கலைஞர் அமெரிக்காவின் ஹொலிவூட்டில் தமது வீட்டுக் கராஜில் இதே முறையை ஆண்டுக்கணக்கில் செம்மைப்படுத்தினார். 1948இல் வெளிவந்த அவரது 'லவர்' இசைத்தட்டில் எட்டுக் கிட்டார்கள் ஒலிக்கின்றன. எட்டும் அவருடையவை.

இம்முறையில் ஒரு கொடுமை உண்டு. முதலில் பதிந்தது ஒவ்வொரு படியிலும் மீண்டும் படியெடுக்கப்படுவதால் மங்கிக்கொண்டே போகும். காந்த ஒலிநாடா வந்தபின்னர் தரம் உயர்ந்தது. கொடுமை வேறு வடிவெடுத்தது. லெஸ் போல் தமது நாடா இயந்திரத்தில், அழிக்கும் தலைக்கு முன்பாக மேலதிக வாசிப்புத் தலையொன்றைப் பொருத்தினார். பழைய ஒலி வாசிக்கப்பட்டு, புதிய வாசிப்புடன் கலந்து, அதே நாடாவில் பழையது அழிந்த இடத்திலேயே எழுதப்படும். மேரி ஃபோர்ட் பாட அவர் வாசித்த 'ஹவ் ஹை த மூன்' இவ்வாறு உருவாகி 1951இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியில் நின்றது. பத்தாவது அடுக்கில் விரல் ஒன்று தவறினால் முந்திய ஒன்பதும் பாழ். வாசிப்பவர் என்ன மனநிலையில் வாசித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். 1957இல் அம்பெக்ஸ் நிறுவனம் எட்டு ஒலித்தடங்கள் கொண்ட இயந்திரத்தை அவருக்கென்றே செய்து கொடுத்தது. அதன் விலை 10,000 டொலர்.

அம்பெக்ஸ் எட்டுத் தடங்களைச் சாத்தியமாக்கிப் பத்தாண்டுகள் சென்ற பின்னரும், லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈ.எம்.ஐ. கலையகம் நான்கு தடங்களுடனேயே பணியாற்றிக்கொண்டிருந்தது. 'பீட்டில்ஸ்' குழுவினர் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்' என்ற இசைத்தொகுதியை 1966 நவம்பர் முதல் 1967 ஏப்ரல் வரை பதிவு செய்தது இந்த நான்கு தட இயந்திரங்களில்தான். நான்கு தடங்களும் நிரம்பியதும் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் பொறியியலாளர் ஜெஃப் எமரிக்கும் அவற்றைக் கலந்து, இன்னொரு இயந்திரத்தின் ஓரிரு தடங்களுக்கு மாற்றுவார்கள். மிகுதித் தடங்கள் புதிய வாத்தியங்களுக்குக் கிடைக்கும். அதுவும் நிரம்பினால் மீண்டும் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் இரைச்சல் கூடும். அதைவிடப் பெரிய விடயம், மேளத்துக்கும் கிட்டாருக்கும் இடையிலான அளவுப் பொருத்தம் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடும். இரண்டு மாதங்கள் கழித்து வயலின்கள் சேர்ந்த பின்னர், 'மேளம் சற்றுக் குறைவாக இருந்திருக்கலாம்' என்று எவருக்கேனும் தோன்றினால் அதற்கு மருந்து கிடையாது.

'எ டே இன் த லைஃப்' என்ற பாடலுக்கு 1967 பெப்ரவரி 10ஆம் திகதி 40 வாத்தியக் கலைஞர்கள் அழைக்கப்பட்டபோது நான்கு தடங்கள் எவ்வகையிலும் போதவில்லை. கென் டவுன்சென்ட் என்ற பொறியியலாளர், முதல் இயந்திரத்தின் ஒரு தடத்தில் 50 ஹேர்ட்ஸ் சமிக்ஞையைப் பதிந்து, அதைக்கொண்டு இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரை ஓட்டி, இரு இயந்திரங்களையும் இணைத்தார். இன்று எந்தக் கைபேசியிலும் செய்யக்கூடிய காரியம். அன்று அது ஒரு சாதனை.

1970களின் நடுப்பகுதியில் தடங்கள் 24 ஆகிவிட்டன. மனிதரின் ஆசையும் அதற்கேற்ப வளர்ந்தது. 1975இல் 'குவீன்' குழுவினர் 'பொஹீமியன் ரப்சொடி' பாடலின் குரல் அடுக்குகளை மீண்டும் மீண்டும் பவுன்ஸ் செய்ததில், நாடாவின் காந்தப் பூச்சுத் தேய்ந்து மறுபுறம் ஒளி தெரிந்தது என்று அக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே கூறியிருக்கிறார்.

இதுவரை சொன்னவற்றில் வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று நிமிட ஒலிநாடாவைப் படியெடுக்க மூன்று நிமிடம் ஆகும். நாடா ஓடும் நேரமே வேலையின் நேரம். அந்த விதியை முதலில் உடைத்தது கணினி. ஆனால் அது உடைத்தது எதிர்த்திசையில்.

1957ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்தியூஸ் என்ற பொறியியலாளர் 'மியூசிக்' என்ற நிரலை எழுதினார். அதைக்கொண்டு ஐ.பி.எம். 704 கணினி கணித்துத் தந்த முதற் படைப்பு நியூமன் கட்மன் இயற்றிய 'த சில்வர் ஸ்கேல்'. அதன் நீளம் 17 செக்கன். கணினி நியூயோர்க் நகரில் ஐ.பி.எம். அலுவலகத்தில் இருந்தது. அது ஒலியை ஒலியாக வெளியிட வல்லதன்று. காற்றின் அதிர்வை எண்களாகக் கணித்துக் காந்த நாடாவில் எழுத மாத்திரமே வல்லது. நாடாவை நியூஜேர்சி மாநிலத்தின் மறி ஹில்லில் உள்ள பெல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, அங்கிருந்த மாற்றியின் ஊடாக ஓட்டினால்தான் எண்கள் ஒலியாகும். அக்காலக் கணினிகள் ஒரு செக்கன் இசையைக் கணிக்க ஒரு செக்கனைவிடப் பன்மடங்கு நேரம் எடுத்துக்கொண்டன. ஆகவே இசையமைப்பாளர் கட்டளைகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். தாம் இயற்றியது நன்றாக இருக்கிறதா என்பதை நாடா ஊர்போய்ச் சேர்ந்த பின்னரே அறிவார். உலகின் முதல் 'ரெண்டர்' இதுவே எனலாம்.

அதே ஆய்வுகூடத்தில் 1961இல் ஐ.பி.எம். கணினியொன்று 'டெய்சி பெல்' என்ற பழைய ஆங்கிலப் பாடலைப் பாடியது. குரலை ஜோன் கெலியும் கரோல் லொக்பாமும் அமைத்தார்கள். பின்னணி இசை மத்தியூசுடையது. இதிலே இலங்கையருக்குச் சிறு தொடர்பொன்று உண்டு. 1956இல் இங்கு குடியேறி, 2008இல் மறையும்வரை கொழும்பையே தமது இல்லமாகக் கொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்துக்குச் சென்றபோது அப்பாடலைக் கேட்டார். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தில், நினைவு ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படும் ஹால் என்ற கணினி இறுதியில் முனகுவது அதே பாட்டைத்தான். படத்தில் ஹால் அந்தக் கணத்தில் பாடுவதாகக் காட்டப்படுகிறது. கிளார்க் கேட்டதோ முன்கூட்டியே கணித்து வைக்கப்பட்ட ஒலி. கணினி உரிய கணத்திலேயே இசைக்கும் காலம் அப்போது வெகு தொலைவில் இருந்தது.

அந்தக் காலம் தவணை முறையில் வந்தது. 1983இல் 'மிடி' என்ற பொதுமொழி பிறந்து, வெவ்வேறு நிறுவனங்களின் இலத்திரனியல் வாத்தியங்கள் கணினியின் கட்டளையைப் புரிந்துகொண்டன. 1989இல் அட்டாரி கணினிக்காக 'கியூபேஸ்' வெளிவந்தது. 1991இல் 'புரோ டூல்ஸ்' விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 6,000 டொலர். அதிலிருந்த ஒலித்தடங்கள் நான்கு. கால் நூற்றாண்டுக்கு முன் அபே ரோட்டில் இருந்த அதே நான்கு! 1996இல் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 'வி.எஸ்.டி.' முறையை அறிமுகப்படுத்த, எதிரொலி போன்ற விளைவுகளைக் கணினியே கணித்தது. 1999 முதல் வாத்தியங்களும் அதே முறையில் மென்பொருளாகிக் கணினிக்குள் புகுந்தன.

புகுந்த வாத்தியங்களால் கணினி திணறியது. இந்த இடத்தில்தான் அபே ரோட்டின் பழைய தந்திரம் புதுப்பெயருடன் திரும்பி வந்தது. அன்று பஞ்சம் தடங்களுக்கு. இப்போது பஞ்சம் கணிக்கும் வலுவுக்கு. 2003இல் 'லொஜிக்' மென்பொருளின் ஆறாம் பதிப்பும் அதனையடுத்து 'கியூபேஸ்' மென்பொருளும் 'ஃபிரீஸ்' என்ற வசதியைத் தந்தன. பாரமான வாத்தியமொன்றின் தடத்தை உறைய வைத்தால், மென்பொருள் அதனைத் திரைக்குப் பின்னால் ஒலிக்கோப்பாக எழுதிக்கொண்டு, வாத்தியத்தை நிறுத்திவிடும். மீண்டும் திருத்த வேண்டுமாயின் உருக வைக்கலாம். லெஸ் போலுக்கும் ஜோர்ஜ் மார்ட்டினுக்கும் கிடைக்காத வரம் அந்த உருக வைத்தல்.

வேகம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சிறிது விளக்க வேண்டும். இறுவட்டுத் தரத்தில் ஒரு செக்கன் ஒலி என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 எண்கள். நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது கணினி இவற்றைச் சிறு சிறு பொதிகளாகக் கணித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. 256 எண்கள் கொண்ட பொதியெனில் அடுத்த பொதியைத் தயாரிக்க அதற்குள்ள அவகாசம் ஏறத்தாழ 6 மில்லிசெக்கன். தவறினால் 'கிறிச்' என்ற ஓசையுடன் பாட்டு அறுபடும். பதிப்பு நேரத்துடன் போராடும் ஆசிரியபீடத்தின் நிலை இதுவே. கோப்பாக எழுதும்போது கேட்பவர் எவருமில்லை; காலக்கெடுவும் இல்லை. வலு குறைந்த கணினி ஆறுதலாகக் கணிக்கலாம், ஓர் எண்ணும் பிசகாது. வலு மிகுந்த கணினியோ அடுத்த பொதிக்கான வேளை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கையிலுள்ளதை முடித்தவுடன் அடுத்ததைத் தொடங்கிவிடும். 1957இல் மத்தியூஸ் பயன்படுத்திய அதே முறைதான். கணினியின் வலு வளர்ந்தபோது காத்திருப்பு தலைகீழாகிவிட்டது.

'லொஜிக்', 'கியூபேஸ்' முதலியவை இவ்வசதியை முன்னரே தந்திருக்க, பெரிய கலையகங்களின் பொது மொழியாகத் திகழ்ந்த 'புரோ டூல்ஸ்' மாத்திரம் 2013ஆம் ஆண்டு வரை பாட்டு ஓடும் நேரத்திலேயே பவுன்ஸ் செய்தது. ஒலியைக் கணிப்பதற்கெனத் தனிச் சில்லுகள் பதித்த அட்டைகளைச் சூழ்ந்து வளர்ந்த மென்பொருள் அது. அந்த அட்டைகள் நிகழ்நேரத்தில் இயங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஐந்து நிமிடப் பாடலின் பத்துப் பகுதிகளைத் தனித்தனியே கொடுக்க வேண்டுமாயின் ஐம்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். 2013இல் வந்த 11ஆம் பதிப்பு இக்காத்திருப்பை ஒழித்தது. 'கடைசி முறையாகப் பாட்டை முழுமையாகக் கேட்கும் சந்தர்ப்பம் போய்விட்டதே' என்று வருந்திய பொறியியலாளர்களும் இருந்தார்கள். அவர்களுடைய வருத்தத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஒப்புநோக்காமல் அச்சுக்குப் போன பக்கம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். விரைவாக எழுதப்பட்ட கோப்பின் முடிவில் எதிரொலியின் வால் அறுபட்டிருப்பது இன்றும் நடக்கும் விபத்து. கணினிக்கு வெளியேயுள்ள கருவியொன்று இணைக்கப்பட்டிருந்தால் இன்றும் நிகழ்நேரத்தில்தான் எழுத வேண்டும். வெளிக்கருவியை விரைவுபடுத்த எந்த மென்பொருளாலும் இயலாது.

ஒரு தடத்தை அதே இடத்திலேயே ஒலியாக மாற்றும் வசதி 2009இல் 'லொஜிக் புரோ 9' பதிப்பிலும், 2014இல் 'கியூபேஸ் 8' பதிப்பிலும், 2015இல் 'கமிட்' என்ற பெயருடன் 'புரோ டூல்ஸ்' மென்பொருளிலும் வந்தது. இனி வேகத்தைப் பற்றிக் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் வேகம் வந்த பின்னரும் பலர் இதனைச் செய்வதில்லை. முடிவைத் தள்ளிப்போட முடியும் என்பதால் தள்ளிப்போடுகிறார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர் ஒருவர் இந்தத் தள்ளிப்போடலின் விலையை அறிந்தவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் இசையமைத்த சில பாடல்களை ஊரிலிருந்து வந்த பாடகர் ஒருவர் பாடினார். பாடல்கள் இறுதி வடிவம் பெறவில்லை. பாடகர் இன்று உயிருடன் இல்லை. அண்மையில் அக்கோப்புகளைத் திறந்தபோது குரல் மாத்திரம் ஒலித்தது. அது ஒலியாகப் பதியப்பட்டிருந்ததால் எந்தக் கணினியிலும் திறக்கிறது. பின்னணி வாத்தியங்கள் யாவும் ஊமை. அவற்றை எழுப்பிய மென்பொருள் வாத்தியங்கள் இன்றைய கணினியில் இயங்குவதில்லை. கட்டளைகள் இருக்கின்றன, நிறைவேற்றுவதற்கு ஆளில்லை. 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கட்டுரைகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, திரை நிறைய ஆங்கில எழுத்துகளின் குப்பையைக் கண்டு திகைத்த தமிழர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எழுத்தை மீட்க மாற்றிகள் உண்டு. வாத்தியத்துக்கு அத்தகைய மாற்றி இல்லை.

இது தனியொருவரின் துரதிர்ஷ்டம் அன்று. மிடியையும் பதிந்த ஒலியையும் ஒரே திரையில் இணைத்த முன்னோடி 'ஸ்டூடியோ விஷன்'. அதனை உருவாக்கிய ஒப்கோட் நிறுவனத்தை 1998இல் கிப்சன் வாங்கியது. மறு ஆண்டிலேயே மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோயிற்று. 2002இல் அப்பிள் நிறுவனம் ஈமஜிக்கை வாங்கியபோது 'லொஜிக்' மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு அதே ஆண்டில் கைவிடப்பட்டது. 2019இல் அப்பிளின் 'கற்றலினா' இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களை இயக்க மறுத்தபோது பழைய வாத்தியங்கள் பல ஒரே நாளில் வாய்மூடின. மாறாக, பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஜோன் குளோட் றிசே, தாம் கணினியில் உருவாக்கிய ஒலிகளின் கட்டளைகளை 1969இல் ஒரு பட்டியலாக எழுதி வெளியிட்டார். தாளில் வாசிக்கக்கூடியதாக இருந்தமையால் பிற்காலத்தில் வேறு நிரல்களில் அவை மீண்டும் ஒலிக்க வைக்கப்பட்டன. அவர் போல் செய்தவர்கள் சிலரே.

அமெரிக்க ஒலிப்பதிவுக் கழகத்தின் தயாரிப்பாளர்கள், பொறியியலாளர்கள் பிரிவு, 2000களிலிருந்தே இதற்கொரு பரிந்துரையை வெளியிட்டுப் புதுப்பித்து வருகிறது. ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இடைவெளியில்லாத ஒலிக்கோப்பாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு ஏற்ற கோப்பு வடிவத்தை ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 1997இலேயே வகுத்துவிட்டது. ஒலித்தடங்களைக் கையாளும் எந்த மென்பொருளிலும் கோப்புகளை அருகருகே வைத்தாலே பாட்டு மீண்டும் கூடிவிடும்.

அபே ரோட்டுக்காரர்கள் இதை வேறு வழியில் செய்திருந்தார்கள். தடங்களைக் கலந்து மாற்றிய பின்னரும், மாற்றுவதற்கு முந்திய நாடாக்களை அவர்கள் அழிக்கவில்லை. 2017இல், ஜோர்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தொகுதியை ஐம்பதாவது ஆண்டுக்காக மறுபடி கலவை செய்தபோது, அந்த முதல் தலைமுறை நாடாக்களையே எடுத்துக் கணினியில் ஒன்றிணைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் முடிவாகிவிட்ட மேளத்தின் அளவைக் கூட அவரால் மாற்ற முடிந்தது.

எனது நண்பர் இப்போது, ஊமையான பாடல்களுள் ஒன்றுக்கு அந்தக் குரலைச் சுற்றிப் புதிதாகப் பின்னணி அமைத்திருக்கிறார். அமைத்த அன்றே எல்லாத் தடங்களையும் தனித்தனி ஒலிக்கோப்புகளாக எழுதி மூன்று வன்தட்டுகளில் வைத்துவிட்டாராம். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டேன். அடுப்பில் வைத்த தேநீர்த் தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது என்றார்.